பாபநாசம் சிவன்: நாற்பது வயதுக்கு மேல் வந்த நல்ல காலம்

நம் கல்லூரி விடுதியில் கிதார் இல்லாத தளமே கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யாராவது ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து ஜான் டென்வரையோ பாப் டிலனையோ பாடிக்கொண்டிருப்பான். அவர்களை நமக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாட்டை எழுதியவரும் அவரே, மெட்டுப் போட்டவரும் அவரே, பாடுபவரும் அவரே. பெரிய வாத்தியக் கோஷ்டி எல்லாம் இருக்காது. ஒரு கருவி, ஒரு குரல், அவசரமில்லாத பாட்டு. இப்படிப்பட்டவர்களுக்கு நம் நாட்டில் வாக்கேயக்காரர் என்று பழைய பெயரே இருக்கிறது. கிதாருக்குப் பதில் தம்புரா, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வேலை பார்ப்பது பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் அண்ணன் பழைய பாட்டுப் பிரியர். ஏ ஷிப்ட்டுக்குப் போகும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருக்க, தியாகராஜ பாகவதர் பாடிக்கொண்டே வருவார். டிரெய்னியாக வந்த தம்பிகள் இது யார் பாட்டு சார் என்று கேட்பதுண்டு. பாகவதர் பெயரைச் சொல்லிவிட்டு, எழுதியவர் பெயரையும் சேர்த்தே சொல்வேன். பாடியவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பாட்டுகளை உருவாக்கியவர் பெயர் பல பேருக்குத் தெரியவில்லை. அவர்தான் பாபநாசம் சிவன்.

பாபநாசம் என்றதும் திருநெல்வேலிப் பக்கத்து அருவியை நினைக்க வேண்டாம். இது தஞ்சாவூர்ப் பாபநாசம். அதுவும் அவர் பிறந்த ஊர் அல்ல. 1890 செப்டம்பர் 26-ஆம் தேதி தஞ்சை ஜில்லா போலகம் கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ராமையா. ஏழு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மகாராஜா ஆதரவில் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று திருவனந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்தார். இப்போதும் நம் கல்லூரிக்கு இப்படிப்பட்ட அம்மாக்கள் அழைத்துக்கொண்டு வந்து சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராமையா அங்கே படித்தது மலையாளமும் சமஸ்கிருதமும். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்து வியாகரணி பட்டம் வாங்கினார். பின்னாளில் தமிழ்ப் பாட்டுக்கே அடையாளமாக ஆனவர், பாடசாலையில் முறையாகப் படித்தது வேறு மொழிகளை! எந்த மீடியத்தில் படித்தோம் என்று கவலைப்படுகிற தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பாட்டில் ஆசை மூட்டியவை அந்த ஊர் பஜனைகளும், நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்களும். நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் சங்கீதத்தின் ஆரம்பப் பாடம் கிடைத்தது.

1910-இல் அம்மாவும் காலமானார். ராமையாவுக்கு அப்போது இருபது வயது. கையில் பட்டம் இருந்தது, வேலை இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. பாபநாசத்தில் இருந்த அண்ணன் ராஜகோபாலனிடம் வந்து சேர்ந்தார். (இந்த அண்ணனின் மகள்தான் பிற்காலத்தில் நடிகையாகவும், 1988-இல் சில நாட்கள் தமிழக முதலமைச்சராகவும் இருந்த வி. என். ஜானகி.) அங்கிருந்து ராமையா ஒரு நிலையில் நிற்கவில்லை. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று எந்தக் கோயிலில் உற்சவமோ அங்கே போவார். நெற்றி நிறைய விபூதியோடு பஜனை கோஷ்டிக்கு முன்னால் நின்று பாடுவார். அவரைப் பார்த்த கணபதி அக்ரகாரத்து ஜனங்கள் சாட்சாத் சிவனே என்று அழைக்க ஆரம்பித்தார்கள். பாபநாசம் என்ற ஊரும் சிவன் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டு, ராமையா என்ற பெயர் மறைந்தே போனது. பாடல்களில் முத்திரையாக மட்டும் ராமதாசன் என்று தன் பழைய பெயரின் நிழலை வைத்துக்கொண்டார்.

முதல் கீர்த்தனையும் திருவாரூரில்தான் பிறந்தது. தியாகராஜ சுவாமியைத் துதிக்க அருள் கேட்கும் பாட்டு, ராகம் குந்தலவராளி. கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யர் அந்தக் காலத்தில் மேடையை ஆண்ட மகா வித்வான். அவரோடு நெருங்கிப் பழகி, அவர் பாட்டைக் கேட்டுக் கேட்டே சிவன் தன் சங்கீதத்தைச் செப்பனிட்டார். சிலபஸ் இல்லை, பரீட்சை இல்லை. காது ஒன்றுதான் புத்தகம்.

இப்படியே ஏறத்தாழ இருபது வருடம் போயிற்று. நிரந்தர உத்தியோகம் என்று ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி, குடும்பமும் வந்துவிட்டது. இன்றைய கணக்கில் பார்த்தால் அந்த ரெஸ்யூமில் 1910-க்கும் 1930-க்கும் நடுவே ஒரு பெரிய ஓட்டை. எந்த எச்.ஆரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

1930-ஐ ஒட்டிச் சென்னை மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பது. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கச்சேரி, கதாகாலட்சேபம், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவது என்று ஆரம்பித்தார். 1934-இல் அவருடைய கீர்த்தன மாலை முதல் தொகுதி அச்சில் வந்தது. இன்றைய பாடகர்களுக்கு ஆல்பம் எப்படியோ, அப்படி அவருக்கு அது. அதே 1934-இல் சீதா கல்யாணம் படத்துக்குப் பாட்டு எழுதி இசையும் அமைத்தார். அதில் ராமராக நடித்த சிறுவன் எஸ். ராஜம் இவரிடம் பாட்டுக் கற்றவர். நாற்பத்து நான்கு வயதில் சினிமாவில் ஃப்ரெஷர்!

பிறகு வரிசையாக வந்தன. 1937-இல் சிந்தாமணி, அம்பிகாபதி, 1938-இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த சேவாசதனம், 1941-இல் அசோக்குமார், 1943-இல் சிவகவி, 1944-இல் ஹரிதாஸ். ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட கதை நம் தாத்தாக்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சிவனும் ஜி. ராமநாதனும் சேர்ந்து உழைத்த இசை அது. சாருகேசி என்று ஒரு ராகம் இருப்பதே தெரியாத வண்டிக்காரரும் மளிகைக் கடைக்காரரும் அந்த மெட்டை முணுமுணுத்தார்கள் என்றால், சும்மா சொல்லக்கூடாது, அது சாதாரண வேலை அல்ல.

நடிக்கவும் செய்தார். கே. சுப்பிரமணியம் இயக்கிய பக்த குசேலாவில் (1936) ஏழைக் குசேலர் இவர்தான். கல்கி கதை எழுதிய தியாக பூமியில் (1939) சம்பு சாஸ்திரி. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிலில் அடைக்கலம் கொடுத்து, ஊரை எதிர்த்துக்கொள்ளும் சாஸ்திரி வேடம் அது. தேசிய இயக்கத்தின் குரலாக வந்த அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் அரசு பின்னர் தடை செய்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை அவர் விடவில்லை. மார்கழி மாதம் விடியற்காலையில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போவார். டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது. ஸ்டூடியோவில் பாகவதருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த அதே மனிதர், பனியில் தெருவில் ஜால்ராவோடு நடந்தார். காம்போதியில் கபாலியின் பவனி அழகைச் சொல்லும் அவருடைய பாட்டை மதுரை மணி அய்யர் மேடை மேடையாகப் பரப்பினார். யசோதையின் பாக்கியத்தைக் கண்டு வியக்கும் காபி ராகப் பாட்டு இன்றும் கச்சேரிகளில் துக்கடாவாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

அவர் பாட்டு ஏன் மனசில் இறங்குகிறது என்று என் அறிவுக்கு எட்டிய வரை யோசித்தேன். வார்த்தைகள் குறைவு, பல்லவி பெரும்பாலும் ஒருவர் எதிரே நிற்பவரிடம் பேசுவது போல் தொடங்கும். அம்பாளிடம் உரிமையோடு சண்டை போடும் நவரஸகன்னடப் பாட்டைக் கேளுங்கள். என்னை வைத்து ஏன் இப்படி விளையாடுகிறாய் என்ற அந்தக் கேள்வி, வீடு வீடாக, ஊர் ஊராக அலைந்தவர் கேட்கக்கூடிய கேள்வி. வித்தை காட்டுவதற்கு இடமே வைக்காமல், சங்கீதம் தெரியாதவனும் கூடப் பாடும்படி அமைத்திருக்கிறார். பஜனையில் பல வருடம் ஜனங்களோடு சேர்ந்து பாடிய பழக்கத்தில் வந்த பலம் அது என்பது என் கருத்து. மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே கோலோச்சிய காலத்தில், 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றித் தமிழில் பாடுங்கள் என்று கேட்டபோது, வித்வான்கள் எடுத்துப் பாடச் சிவன் பாட்டுகள் தயாராக இருந்தன. தமிழ்த் தியாகையர் என்று ரசிகர்கள் அழைத்ததற்குக் காரணம் இதுவே.

1971-இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது, வயது எண்பத்தொன்று. 1972-இல் பத்மபூஷண். 1973 அக்டோபர் 1-ஆம் தேதி காலமானார். மகள் ருக்மிணி ரமணியும் அப்பா வழியில் பாட்டு இயற்றியவரே.

இதை ஏன் இந்த மலரில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் செட் நண்பர்களின் முகவரிப் பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டுக் கம்பெனி, பதவி என்ற இரண்டு கட்டங்களையும் ஏழெட்டுப் பேர் காலியாக விட்டிருக்கிறார்கள். சிலர் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் இருக்கிறார்கள். சிலர் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கம் பஸ் ஸ்டாப்பில் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பசங்களையும் தினமும் பார்க்கிறேன்.

வேலை இல்லாத காலம் சுகமான காலம் என்று நான் கதை விடப்போவதில்லை. வீட்டு வாடகை யாருக்கும் காத்திருக்காது. எல்லோரும் சிவன் ஆகிவிட முடியும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இருபது வருடத்தை அவர் வாழ்க்கையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டால் பாட்டும் சேர்ந்து போய்விடும். பதவிக் கட்டம் காலியாக இருந்த நாட்களில்தான் அவர் கேட்டார், பாடினார், எழுதினார். அந்த நாட்களிலும் அவருக்குச் சோறு போட அண்ணன் வீடு இருந்தது, கூடப் பாட பஜனை கோஷ்டி இருந்தது. பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று இருப்பது எதற்கு? நல்ல வேலையில் இருப்பவர்கள் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ள மட்டும் அல்லவே. அண்ணன் வீடாகவும் கோஷ்டியாகவும் இருக்கத்தானே!

ஆகவே கட்டம் காலியாக விட்ட நண்பர்களே, தயங்காமல் வாருங்கள். பதவியைக் கேட்காமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் நமக்கு இது ஒன்றுதான். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் சீனியர்கள், ரெஸ்யூமில் ஓட்டை இருக்கும் நம் தம்பி தங்கைகளை ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். விடுதி மாடிப்படியில் கிதார் வாசிக்கும் தம்பிகள் ஒரு நாள் சிவன் பாட்டு ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். காபி ராகம் கிதாரிலும் நன்றாகவே இருக்கும்.

நம் கல்லூரி ஓங்குக! சங்கம் வளர்க!

— இயந்திரவியல் துறை முன்னாள் மாணவன், பிள்ளைப்பாக்கம்