செல்வநாயகமும் மதப் பிரசாரமும்

அபேட்சகரின் தகுதியை விட்டு மதத்தை விசாரிக்கும் வழக்கம் இலங்கைத் தமிழரிடையேயும் தலைகாட்டியதுண்டு. அதற்கு இலக்கானவர் சா. ஜே. வே. செல்வநாயகம்.

1898-ல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்த அன்னார் புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவர்; கொழும்பில் பெயர் பெற்ற சிவில் வக்கீல். 1947-ல், சைவர் நிறைந்த காங்கேசன்துறைத் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிற்று. மறுவருஷமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. சென்னை ராஜதானியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன லக்ஷக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களை நாடற்றவராக்கிய சட்டம் அது. அவர்களில் பெரும்பாலோர் ஹிந்துக்கள். தம் கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் பிறகு மந்திரிசபையில் அமர்ந்தார்; செல்வநாயகமோ அச்சட்டத்தை எதிர்த்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

அதற்குக் கைம்மாறு 1952-ல் கிடைத்தது. எதிர்த்து நின்ற நடேசன், சைவக் கலாசாலைகள் நிறுவிய ஸர் பொன்னம்பலம் ராமநாதனின் மருமகர். சைவரின் வோட்டு கிறிஸ்தவருக்கா என்ற பிரசாரம் கிளம்பிற்று, செல்வநாயகம் தோற்றார். ஆளும் கட்சியின் செல்வாக்கும் ஒரு காரணமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வழக்குக் கட்டை ஒப்படைக்கும்போது வக்கீலின் வேதம் எதுவென்று கேட்கும் கட்சிக்காரரை நமது ஆலங்காயம் பக்கத்தில் நாம் கண்டதில்லை. வோட்டுச் சீட்டைக் கையில் எடுத்தால்தான் அந்தச் சந்தேகம் பிறக்கிறது!

அன்னார் மதம் மாறவுமில்லை, மறைக்கவுமில்லை. 1956-ல் அதே தொகுதி அவரைத் திரும்ப அழைத்தது. பிறகு எத்தேர்தலிலும் கைவிடவில்லை. 1972-ல் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து ராஜிநாமாச் செய்தார். அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு மேல் கடத்தி, 1975 பிப்ரவரியில் உபதேர்தல் வைத்தது. நடுக்குவாதத்தால் தளர்ந்திருந்த கிழவரை 16,000-க்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் அச்சைவர்களே ஜெயிக்க வைத்தனர். தந்தை செல்வா என்று அவர்கள் அழைத்துவந்த அப்பெரியார் 1977 ஏப்ரலில் காலமானார்.