ராக்கெட் ஏவுதல் ஏன் தள்ளிப்போகிறது? காற்றுக்கும் மேகத்துக்கும் காத்திருந்த விக்ரம் சாராபாய்!

மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் ஆந்திரா பஸ்கள் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி தாண்டி சூளூர்பேட்டைக்குப் போகின்றன. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9-ம் தேதி அங்கே முதன்முதலாக ஒரு சின்ன ஆய்வு ராக்கெட் சீறியது. இந்தத் தளத்துக்குக் கனவு கண்டவர், அடுத்த மூன்றே மாதத்துக்குள் இறந்துபோனார். அவர்தான் விக்ரம் சாராபாய்.

யார் இவர்?

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தின் பெரிய மில் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது கேம்பிரிட்ஜில். உலகப் போர் வந்ததும் பெங்களூரு திரும்பி, சர் சி.வி.ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆய்வில் இறங்கினார். 1942-ல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியைக் கரம்பிடித்தார். மிருணாளினி சென்னைக் குடும்பத்துப் பெண். ஆக, சாராபாய் ஒருவகையில் நம்ம ஊரு மாப்பிள்ளை!

தும்பாவில் என்ன நடந்தது?

பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரம் பக்கத்திலுள்ள தும்பா வழியாகப் போனது. மேல் வளிமண்டலத்தை ஆராய அதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் அது மீனவர் கிராமம். அங்கே தேவாலயமும் இருந்தது. ஆயரும் ஊர்மக்களும் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். தேவாலயமே ஆய்வுக்கூடம் ஆனது. 1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது.

ஏன் மாலை நேரம்?

ராக்கெட் மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கும். தரையில் இருட்டியிருக்க வேண்டும், உயரத்தில் மட்டும் வெயில் பட வேண்டும். அப்போதான் அந்த ஆவி மேகம் பளிச்சென்று தெரியும். அது நகர்வதை வெவ்வேறு இடங்களிலிருந்து படம் எடுத்து, மேலே காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கிடுவார்கள். இதற்குக் கிடைப்பது அந்தி நேரத்தின் கொஞ்ச நிமிடங்கள்தான். வானம் மூடியிருந்தால் கேமராவுக்கு எதுவும் தெரியாது, வேறு நாள் பார்க்க வேண்டியதுதான். நவம்பரோ வடகிழக்குப் பருவமழைக் காலம்!

காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம்?

இந்த வகை ராக்கெட்டுகளுக்கு வழிகாட்டும் கருவி கிடையாது. ஏவுதளத்தை விட்டுக் கிளம்பும்போது வேகம் குறைவு. வால் இறக்கைகள் இருப்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுதோ, ராக்கெட்டின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். அதனால் ஏவுவதற்கு முன்பு காற்றை அளந்து, ஏவுதளச் சாய்வை மாற்றுவார்கள். காற்று வரம்பை மீறினால் நிறுத்திவைப்பார்கள். ஏன்னா, எரிந்து முடிந்த பாகங்கள் விழுவது மீன்பிடிக் கடலில். இன்றும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. தேதி தள்ளிப்போனால் அவர்கள் பிழைப்பும் சேர்ந்து தள்ளிப்போகும்.

பார்க்காமல் போனவர்

1966-ல் ஹோமி பாபா மறைந்த பிறகு அணுசக்தித் துறைப் பொறுப்பும் சாராபாயிடம் வந்தது. 1967-ல் இந்தியாவிலேயே செய்த ரோகிணி ராக்கெட் தும்பாவில் பறந்தது. 1969-ல் இஸ்ரோ பிறந்தது. 1971 டிசம்பர் 30 அன்று, தும்பா வேலையாக வந்து கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில் சாராபாய் உயிர் பிரிந்தது. வயது 52 மட்டுமே.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட் ஒன்று செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது 1980-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. மேகம் கலையட்டும், காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் மட்டும் அந்தத் தளத்தில் இன்றும் இருக்கிறது.