சம்பளம் வாங்காத பேராசிரியர்

என்ஜினீயரிங் கல்லூரிகளில் எலக்ட்ரானிக்ஸ் பயிலும் மாணவர்கள் சோதனைச் சாலையில் முதன்முதலாகச் செய்யும் பயிற்சிகளுள் ஒன்று உண்டு. டையோடு ஒன்றுக்குச் சிறிது சிறிதாக வோல்டேஜைக் கூட்டி, அதன் வழியே எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, கிராப் தாளில் கோடு வரைய வேண்டும். செம்புக் கம்பிக்கு வரைந்தால் நேர்கோடு வரும். டையோடுக்கு வரும் கோடோ முதலில் தரையோடு தரையாகக் கிடந்து, ஓரிடத்தில் சட்டென்று மேல் நோக்கி வளையும். செமிகண்டக்டர் பாடம் இந்த வளைவிலிருந்துதான் தொடங்குகிறது.

இத்தகைய வளைவுகளை, டிரான்சிஸ்டர் பிறப்பதற்குச் சுமார் அரை நூற்றாண்டு முன்பே வரைந்து பார்த்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் கற்பித்த ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்தான் அவர். செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்றே நம்மில் பெரும்பாலோர் அவரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் தேதி, இன்று பங்களாதேஷைச் சேர்ந்த மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், முதலில் வங்காளிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் சேவகரின் மகனும், மறு பக்கம் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்தார்கள். பின்னர் கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் பாதிரியார் லஃபோன் என்ற நல்லாசிரியர் வாய்த்தார். எதையும் கருவிகளைக் கொண்டு கண்ணெதிரே செய்து காட்டிய பிறகே விளக்குவது அவர் வழக்கம். அந்த வழக்கம் சீடரையும் கடைசி வரை விடவில்லை.

மருத்துவம் படிக்க 1880-ல் இங்கிலாந்து சென்றவரை விடாத காய்ச்சல் வாட்டியது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்றார். ராலே பிரபு அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1885-ல் தாயகம் திரும்பினார்.

வந்ததும் சோதனை காத்திருந்தது. நுட்பமான விஞ்ஞானங்களைக் கற்பிக்க இந்தியருக்குத் தகுதி போதாது என்று கல்வி இலாகாவின் மேலதிகாரிகள் எண்ணிய காலம் அது. வைசிராய் ரிப்பன் பிரபுவின் ஆதரவு இருந்ததால் பிரஸிடென்ஸி கல்லூரியில் வேலை கிடைத்தது. ஆனால் சம்பளத்தில் பாரபட்சம் காட்டினார்கள். ஐரோப்பியப் பேராசிரியர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனமோ தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு!

போஸ் ராஜினாமா செய்யவில்லை; கூச்சலும் போடவில்லை. ஒரு நாள் தவறாமல் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். மாதக் கடைசியில் வந்த சம்பளத்தை மட்டும் தொட மறுத்துவிட்டார். இப்படி மூன்று ஆண்டுகள் கழிந்தன. வீட்டு நிலையோ மோசம். தந்தை தொழில் முயற்சிகளில் நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கியிருந்தார். இந்த இடைக்காலத்தில்தான், 1887-ல், அபலா தாஸுடன் திருமணமும் நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லாதிருந்த நாளில், சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் இந்த அம்மையார். உடல்நலக் குறைவால் படிப்பு முற்றுப்பெறவில்லை. சம்பளமில்லாத பேராசிரியருடன் குடித்தனம் நடத்தத் துணிந்த அவருடைய மனத்திண்மையை, போஸின் வரலாறு எழுதுவோர் ஏனோ ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறார்கள்.

முடிவில் அதிகாரிகள் இறங்கி வந்தனர். நியமனம் நிரந்தரமாயிற்று, தொடக்க நாளிலிருந்து கணக்கிட்டு முழுச் சம்பளமும் கைக்கு வந்தது. அது தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

முப்பத்தாறாவது பிறந்த நாளன்று, 1894-ல், இனி ஆராய்ச்சியில் ஈடுபடுவது என்று உறுதி பூண்டார். கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது இருபத்து நான்கு சதுர அடி கொண்ட சிற்றறை. ஆராய்ச்சிக்கெனப் பணம் ஒதுக்கப்படவில்லை. வகுப்புகள் முடிந்த பிறகு, உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சொந்தச் செலவில் கருவிகளைச் செய்தார். அவர் உண்டாக்கிய மின் அலைகள் சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கூடியிருந்தோர் முன், அந்த அலைகள் சுவரைக் கடந்து சென்று மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன.

ஆசிரியராக அவருடைய சாமர்த்தியம் கைக்குக் கிடைத்த பொருளைக் கருவியாக்கியதில் விளங்குகிறது. மின் அலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்ய, பக்கங்களுக்கிடையே ஈயத்தகடு செருகிய பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் போதுமாயிருந்தது. அந்த அதிர்வுத் தளத்தைத் திருப்பிக் காட்ட, முறுக்கிய சணல்! நம் கல்லூரிகளில் கருவி இல்லை என்று சோதனைகளைக் கரும்பலகையிலேயே நடத்தி முடிப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அலைகளை உண்டாக்குவதைவிட, வந்து சேர்ந்தனவா என்று அறிவதுதான் கடினம். அந்நாளில் இதற்கு இரும்புத் தூள் அடைத்த குழாயைப் பயன்படுத்தினர். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தட்டிக் கலைக்க வேண்டும். வங்காளத்தின் ஈரக் காற்றில் அது சொன்னபடி கேட்கவுமில்லை. எனவே போஸ் உலோகங்களையும் தாதுக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவற்றுள் கலீனா என்னும் காரீயத் தாதுவின் படிகம் கைகொடுத்தது. அதன் மேல் கூரிய உலோக முனையை மெல்ல அழுத்தி வைத்தால், அலை பட்டதும் மின்னோட்டம் மாறியது. அலை நின்றதும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. ஒளி பட்டாலும் அது உணர்ந்தது. இன்றைய மாணவர் இதைப் பாயின்ட் காண்டாக்ட் டையோடு என்று எளிதில் அடையாளம் காண்பார்.

கண்டுபிடிப்புகளை விற்பதில் போஸுக்கு விருப்பமில்லை. நிவேதிதையும் அமெரிக்க நண்பர் ஸாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், 1901-ல் அமெரிக்காவில் பேடென்டுக்கு விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29-ஆம் தேதி அது வழங்கப்பட்டது. செமிகண்டக்டர் கருவிக்குக் கிடைத்த முதல் பேடென்ட் இதுவே என்பர். அவர் அதனால் ஒரு காசும் சம்பாதிக்காமல் காலாவதியாக விட்டார். இதைத் தியாகம் என்று போற்றுவது வழக்கம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அந்தப் பணம் வந்திருந்தால், இருபத்து நான்கு சதுர அடி அறைக்குப் பதில் ஒரு நல்ல சோதனைச் சாலையில் அவருடைய மாணவர் சிலரேனும் படிகங்களின் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருக்கக் கூடும்.

அவர் மனமோ வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஓயாது வேலை வாங்கினால் கருவிகள் களைப்பதையும், ஓய்வுக்குப் பின் தெளிவதையும் கண்டு, உயிருள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே எல்லை எது என்று ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து தாவரங்களுக்குச் சென்றார். உடலியல் அறிஞர்கள் எதிர்த்தனர்; சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். சத்தியேந்திர நாத் போஸும் மேக்நாத் சாஹாவும் அவரிடம் பாடம் கேட்டவர்களே. 1917-ல் தம் பிறந்த நாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ஆம் தேதி கிரிடியில் காலமானார். எழுபத்தொன்பது நிறைய ஒரு வாரமே இருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்ட மூவருள் ஒருவரான பிராட்டெய்ன் 1955-ல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில், ரேடியோ அலைகளை அறியச் செமிகண்டக்டர் படிகத்தை முதலில் கையாண்டவர் போஸ் என்று ஒப்புக்கொண்டார்.

பிரஸிடென்ஸியில் பயின்ற சிசிர் குமார் மித்ரா, 1923-ல் பிரான்ஸிலிருந்து திரும்பிக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வயர்லெஸ் பாடத்தைக் கொண்டுவந்தார். 1949-ல் அங்கே ரேடியோ பௌதிகம், எலக்ட்ரானிக்ஸ் துறை தனியே அமைந்தது. அது இருப்பது ஆசார்ய பிரபுல்ல சந்திரர் சாலையில். போஸ் தம் கையால் செய்த கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் போஸ் நிலையம் அதே சாலையில், அடுத்த மனையில் இருக்கிறது.