சந்திரனுக்குப் போன காமிராவைச் செய்தவர்

சந்திரனில் ஒரு காமிரா கிடக்கிறது. 1969-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் அங்கே இறங்கியபோது அதைக் கொண்டுதான் படம் பிடித்தார்கள். திரும்பும்போது சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது. காமிராவை அங்கேயே விட்டுவிட்டு, பிலிம் இருந்த பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்தார்கள்.

காமிரா வேறு, பிலிம் பெட்டி வேறு என்று கழற்றி மாட்டும்படி அதைச் செய்தவர் விக்டர் ஹாசல்பிளாட். சுவீடன் நாட்டுக்காரர். அவர் பெயரே காமிராவுக்கும் பெயராகிவிட்டது.

பறவைப் பித்து

விக்டர் 1906-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி கோதன்பர்க் என்ற துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் 1841-ம் ஆண்டு முதல் அங்கே வியாபாரம் செய்து வந்தது. கோடக் பிலிமும் காமிராவும் அவர்கள் கடையில் விற்பனையாயின.

மகன் தொழில் கற்கட்டும் என்று, 18 வயதில் அவரை ஜெர்மனியில் உள்ள டிரஸ்டன் நகருக்கு அனுப்பினார்கள். காமிரா தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தொழிலையும் கற்றார், ஆனால், மனம் பறவைகளிடம் இருந்தது. பறவைகளைப் பின்தொடர்ந்து படம் பிடித்தார். 1935-ம் ஆண்டில் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். பறக்கும் பறவையைப் பிடிக்க, கையில் அடங்கும் நல்ல காமிரா வேண்டும் என்ற ஆசை அவருக்கு அப்போதே உண்டு.

தந்தையுடன் மனத்தாங்கல் ஏற்பட்டது. குடும்பக் கடையை விட்டு வெளியேறி, 1937-ம் ஆண்டில் சொந்தமாக ஒரு போட்டோக் கடை திறந்தார்.

தகரக் கொட்டகையில் தொழில்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-ம் ஆண்டில் சுவீடன் விமானப்படையினர் ஒரு ஜெர்மன் காமிராவை விக்டரிடம் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். இதுபோல் முடியாது, இதைவிடச் சிறந்ததாகச் செய்ய முடியும் என்று அவர் பதில் சொன்னாராம்.

அவரிடம் தொழிற்சாலை இல்லை. மோட்டார் பழுது பார்க்கும் இடத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். போர் முடிவதற்குள் 342 காமிராக்களைச் செய்து கொடுத்தார்.

அத்துடன் அவர் நிறைவடையவில்லை. போருக்குச் செய்தது போதும், இனி மக்களுக்குச் செய்ய வேண்டும் என்று எண்ணினார். 1948-ம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் புதிய காமிராவை வெளியிட்டார். லென்ஸ், பார்க்கும் கண்ணாடி, பிலிம் பெட்டி எல்லாம் தனித்தனி. ஒரு சுருளில் 12 படம் எடுக்கலாம். பாதிச் சுருள் கறுப்பு-வெள்ளையில் எடுத்த பிறகு, பெட்டியை மாற்றிக் கலர் படம் எடுக்கலாம். ஒரு படமும் வீணாகாது!

தோல்வியும் வெற்றியும்

ஆனால், அந்தக் காமிராவில் ஒரு குறை இருந்தது. ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவான ஷட்டர் மிகவும் மென்மையானது. அடிக்கடி பழுதானது. விக்டர் மனம் தளரவில்லை. திருத்தித் திருத்திப் பார்த்தார். 1957-ம் ஆண்டில் ஷட்டரை லென்சுக்குள்ளேயே வைத்து '500சி' என்ற காமிராவை வெளியிட்டார். அது உழைத்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

1962-ம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி வீரர் வால்ட்டர் ஷிரா, ஹூஸ்டன் நகரில் ஒரு கடையில் இந்தக் காமிராவை வாங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் அதை விண்வெளிக்குக் கொண்டு போனார். ஏழு ஆண்டுகளில் அந்தக் காமிரா வம்சம் சந்திரனுக்கே போய்விட்டது.

விக்டர் 1978-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார். அவருக்கும் மனைவி எர்னாவுக்கும் பிள்ளைகள் இல்லை. சொத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அது ஆண்டுதோறும் வழங்கும் பரிசு, உலகப் போட்டோக் கலைஞர்களுக்குப் பெரும் கவுரவம். 2022-ம் ஆண்டில் அதைப் பெற்றவர் இந்தியப் பெண்மணி தயானிதா சிங்.

பழைய வீடும் புது விளக்கும்

அவர் இறந்த பிறகு பிலிமின் காலம் போய், டிஜிட்டல் காலம் வந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கல்யாணப் படம் எடுத்த இரட்டைக் கண் காமிராக்கள் பீரோவுக்குள் போய்விட்டன. அவற்றின் பின்பக்கம் வெறும் மூடி. அதைக் கழற்றி வேறொன்று மாட்ட வழியில்லை.

ஹாசல்பிளாட் காமிராவுக்கு அந்தக் கதி வரவில்லை. பிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் டிஜிட்டல் பெட்டியை மாட்டினால் போதும். புதுவயல், காரைக்குடி வட்டாரத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விளக்குக் காலத்தில் கட்டியவை பல உண்டு. மின்சாரம் வந்தபோது வீட்டை இடிக்கவில்லை. தேக்குத் தூணும் முற்றமும் அப்படியே இருக்க, கம்பி இழுத்து விளக்கு மாட்டினார்கள். இதுவும் அப்படித்தான்.

அந்தப் பழைய வகைக் காமிராக்களின் தயாரிப்பு 2013-ம் ஆண்டில் நின்றது. ஆனாலும், 2024-ம் ஆண்டில் அவற்றுக்காக 10 கோடி புள்ளிகளில் படம் பதியும் புதிய பெட்டி ஒன்று வெளிவந்தது. 1957-ம் ஆண்டுக் காமிராவிலும் அதை மாட்டலாம்!

குறையும் உண்டு. பிலிம் 56 மில்லிமீட்டர் சதுரம். புதிய பெட்டியில் படம் பதியும் பரப்பு 44-க்கு 33 மில்லிமீட்டர்தான். ஆகையால், படத்தின் ஓரம் வெட்டுப்படும். விலையோ பல லட்சம் ரூபாய்.

டிஜிட்டல் என்ற சொல்லையே விக்டர் 1948-ம் ஆண்டில் நினைத்திருக்க மாட்டார். ஒரு பாகம் பழசானால் முழுப் பொருளும் குப்பைக்குப் போகக்கூடாது என்பதற்கு அவர் காமிரா சாட்சி. ஒரு பொருளை வாங்கும்போது, பழுதான பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குவது நல்லது.