நாய்களின் அன்பர் யோன் றசல் பாதிரியார்

கல்லூரி மலரொன்றைக் கையிலெடுக்கும் அன்பர்கள் அதில் அறிஞர், நாவலர், அரசியலார், கல்விக்குப் பொருள் ஈந்த வள்ளல்கள் ஆகியோரின் வரலாறுகளையே எதிர்பார்ப்பர். நாய் வளர்த்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கண்டு சிலர் புன்முறுவல் செய்தலும் கூடும். ஆயினும் அவரும் எம்மைப்போல ஒரு கல்லூரியின் பழைய மாணவரே. மாணவப் பருவத்தில் ஆசிரியர் அறியாது நாய் வளர்த்து, பின்னர் அகப்பட்டுக்கொண்டவர். விடுதிச் சமையற்கட்டின் பின்புறத்தில் மிஞ்சிய சோற்றையிட்டு ஒரு குட்டியை ஒளித்து வளர்த்த நினைவு எம்முள் எத்தனை பேருக்கு இல்லை! அத்தகையோர் யோன் றசல் பாதிரியாரின் கதையைப் படித்து மகிழ்வர் என்றே நம்புகிறோம்.

நாய் என்பது எம்மிடையே வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. வைரவப் பெருமானின் ஊர்தியென வணக்கத்துக்கு உரியதாகவும் விளங்குகிறது. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயத்தின் திருவிழாவோடு மகாபாரதக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமபுத்திரரை அறியாதார் எம்முள் இலர். எனவே நாயின்மேல் வைத்த அன்பு ஒரு மனிதனை எங்கெங்கு இட்டுச்செல்லும் என்று ஆராய்வது எமக்குப் புறம்பான செய்தியன்று.

றசல் 1795ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாகாணத்து டாட்மத் என்னுங் கடற்கரைப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையாரும் ஒரு பாதிரியாரே, வேட்டைநாய் வைத்திருந்தவரே. குருத்துவமும் வேட்டையும் ஒரே மனையில் வாழ்ந்த காலம் அது. மகனுக்கு இரண்டும் பரம்பரைச் சொத்தாயின.

இளைஞர் றசல், ரிவேட்டன் நகரத்துப் பிளண்டெல் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவரும் தோழர் ஒருவரும் கூடிச் சில வேட்டைநாய்களைச் சேகரித்து, அயலிலிருந்த ஒரு கொல்லனின் மனையில் மறைவாக வைத்து வளர்த்தனர். நாயின் குரலை எத்தனை நாள் மறைக்க முடியும்? செய்தி தலைமையாசிரியரின் செவிக்கு எட்டியது. தோழர் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். நாய்களை இழந்தாரெனினும் றசல் ஒருவாறு தப்பினார். இதனைக்கொண்டு அவரைப் படிப்பில் நாட்டமற்றவர் என எண்ணுதல் தவறு. கல்லூரியின் உதவிப்பணத்தைப் போட்டியிற் பெற்று, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து எக்செற்றர் கல்லூரிக்குச் சென்றவர் அவர்.

ஒக்ஸ்போட்டிலேதான் அவர் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது. 1819ஆம் ஆண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. மே மாதக் கடைசியில் ஒருநாட் பிற்பகல், கையில் இலத்தீன் நூலொன்றுடன் ஆற்றைக் கடந்து மாஸ்டன் என்னும் சிற்றூரை நோக்கி அவர் நடந்தார். படிக்கவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் ஊரை அடையுமுன் ஒரு பாற்காரன் எதிர்ப்பட்டான். அவனுடன் ஒரு சிறு பெட்டை நாய் வந்தது. உடல் முழுதும் வெண்மை. இரு கண்களையும் செவிகளையும் தழுவிக் கருங்கபில நிறத் திட்டு. வாலின் அடியிலே பென்னிக் காசளவில் அதே நிறத்தில் ஒரு பொட்டு. மயிர் அடர்ந்து நெருங்கிச் சற்றே முரடாக, மழையும் குளிரும் தாங்கத்தக்கதாய் இருந்தது. கால்கள் நேராகவும், உடல் வளர்ந்த பெண்நரியின் அளவினதாகவும் அமைந்திருந்தன. கனவிற் கண்ட நாய் நேரில் வந்து நிற்பதாகவே மாணவருக்குத் தோன்றிற்று. அவ்விடத்திலேயே விலைபேசி அதனை வாங்கினார். ட்றம்ப் என்பது அதன் பெயர். அன்று இலத்தீன் பாடம் எவ்வளவு நடந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

ரெரியர் என்ற பெயர் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. வேட்டைநாய்களால் துரத்தப்பட்ட நரி வளையினுள் ஒளித்துக்கொண்டால், அவ்வளையினுட் புகுந்து அதனை வெளியேற்றுவதே இந்நாயின் தொழில். இதற்கு நெஞ்சு ஒடுங்கியிருத்தல் வேண்டும். அகன்ற மார்புடைய நாய் வளையிற் சிக்கிக்கொள்ளும். குதிரையோடு நெடுந்தூரம் ஓடக் கால்கள் நீண்டிருத்தல் வேண்டும். மண்ணினுள்ளே நாயையும் நரியையும் பிரித்தறிய வெண்ணிறம் உதவும். இவற்றினும் முக்கியமானது குணம். றசல் விரும்பிய நாய் நரியைக் கடித்துக் கொல்வதன்று. விடாது குரைத்து அதனை வெளியே வரச்செய்வது. ஆதலின் சண்டைக்கென வளர்க்கப்பட்ட முரட்டு இனங்களின் கலப்பை அவர் வெறுத்தார். அறிவும் அடக்கமும் துணிவும் சமமாய் அமைந்த நாய்களையே தேர்ந்து, ட்றம்பின் வழியை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணிவந்தார்.

குருப்பட்டம் பெற்றபின் டெவனின் சிற்றூர்களில் உதவிக் குருவாகப் பணியாற்றினார். 1826இல் பெனலோப்பி பெரி என்னும் பெருமாட்டியை மணந்தார். அம்மையாரும் வேட்டையில் விருப்புடையவர். 1830களின் தொடக்கத்தில் சுவிம்பிறிட்ஜ் என்னும் ஊரின் பங்கை ஏற்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்ந்தார். சிறந்த குரல்வளம் வாய்ந்த அவருடைய பிரசங்கத்தை, தருமத்துக்குப் பொருள் சேர்க்கும் கூட்டங்களில் பலரும் விரும்பி அழைத்துக் கேட்டனர்.

எக்செற்றரின் அத்தியட்சராயிருந்த கென்றி பில்பொட்ஸ், குருமார் வேட்டையாடுவதை விரும்பாதவர். நாய்க்கூட்டத்தை விட்டுவிடுமாறு அவர் பணித்தாரென்றும், றசல் உடனே இணங்கி அவற்றைத் தம் மனைவியாரின் பெயருக்கு மாற்றிவிட்டாரென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை நகைப்புக்கு உரியதே. ஆயினும் நேர்மையாக எழுதுங்கால், இந்த வேட்கை அவருடைய குடும்பத்தின் செல்வத்தைக் கரைத்தது என்பதையும் கூறவே வேண்டும். பொருள் முடையினால் அவர் நாய்க்கூட்டத்தை விற்க நேர்ந்ததுண்டு. அளவறியா அன்புக்கு வீட்டார் கொடுக்கும் விலையை நாம் மறைத்தலாகாது.

1873இல் இலண்டனில் கெனல் கிளப் என்னும் நாய் வளர்ப்போர் கழகம் தொடங்கப்பட்டது. உலகில் அவ்வகையான கழகங்களுள் மூத்தது அதுவே. நாய்களின் வமிசாவளியைப் பதிவுசெய்வதும் காட்சிகளை ஒழுங்குபடுத்துவதும் அதன் பணி. றசல் அதன் தொடக்ககால உறுப்பினராய் விளங்கினார். அடுத்த ஆண்டு கிறிஸ்ரல் பலஸ் மண்டபத்தில் நடந்த பெருங்காட்சியில், பொக்ஸ் ரெரியர் நாய்களுக்கு நடுவராக அமர்ந்து தீர்ப்பளித்தார். ஆயினும் தம்முடைய நாய்களை அவர் பரிசுக்காக மேடையேற்றவில்லை. காட்சி நாய்க்கும் தம் நாய்க்குமுள்ள வேற்றுமை, தோட்டத்து ரோஜாவுக்கும் காட்டு ரோஜாவுக்கும் உள்ள வேற்றுமை என்பது அவர் கருத்து. அழகையே அளவாகக்கொண்டு தேர்ந்தால், நாளடைவில் நாய் தன் தொழிலை மறந்துவிடும் என அவர் அஞ்சினார். அவ்வச்சம் வீணன்று. காட்சிக்கென வளர்ந்த பொக்ஸ் ரெரியர் தலைமுறை தோறும் உருமாறி, வளையினுட் புகுந்த தன் முன்னோரினின்றும் வேறுபட்ட வடிவத்தை அடைந்தது.

பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராய் முடிசூடிய வேல்ஸ் இளவரசர் இவரிடம் நட்புப் பூண்டு, தம் சண்ட்றிங்கம் மாளிகைக்கு அழைத்துப் பெருமைப்படுத்தினார். ட்றம்பின் உருவத்தை ஓவியமாகத் தீட்டுவித்து அங்கே வைத்தவரும் அவரே. பாற்காரனின் பின்னே நடந்த நாய்க்கு அரச மாளிகையில் இடங்கிடைத்தது!

1875இல் மனைவியாரை இழந்த றசல், எண்பது வயது கடந்தபின் வருவாயை முன்னிட்டுப் பிளாக் ரொறிங்டன் என்னும் பங்குக்குச் சென்றார். பழகிய ஊரைப் பிரிந்தது அவருக்குப் பெருந்துயர். 1883 ஏப்பிரில் 28இல், தமது எண்பத்தேழாம் வயதில் அவர் காலமானார். அப்போது அவரிடம் எஞ்சியிருந்தவை நான்கு முதிய ரெரியர் நாய்களே. உடல் சுவிம்பிறிட்ஜுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ்செய்யப்பட்டது. ஏழையும் செல்வருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர் என்பர்.

அவர் பெயர் அவரோடு அழியவில்லை. அவருடைய வகை நாய்களைப் பார்சன் யாக் றசல் ரெரியர் என்னும் பெயரில் 1990இல் கெனல் கிளப் ஏற்றுக்கொண்டது; 1999இல் அப்பெயர் பார்சன் றசல் ரெரியர் எனச் சுருங்கியது. குறுங்காலுடைய யாக் றசல் ரெரியரை 2016இல் தனியினமாக ஏற்றது. காட்சி மேடையை விரும்பாதவரின் பெயராலேயே இன்று காட்சி மேடைகளிற் பரிசு வழங்கப்படுகிறது என்பது விந்தையே.

இனி, எம் உள்ளத்தை உறுத்தும் ஒரு வினாவை எழுப்பாது இவ்வரலாற்றை முடித்தல் முறையன்று. நாயை உயிரென நேசித்தவர் நரியைத் துரத்தி மகிழ்ந்தது எங்ஙனம்? கொல்லாமையை அறத்தின் தலையாகப் போற்றும் மரபில் வந்த நாம் அதனைப் பாராட்ட இயலாது. அவர் நாட்டவரும் பின்னாளில் அவ்வாறே எண்ணினர். நாய்க்கூட்டங்கொண்டு நரி வேட்டையாடுதலை 2004ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் தடைசெய்தது. ஓருயிரிடத்து ஊறிய அன்பு எல்லா உயிரிடத்தும் தானாகவே பரவிவிடுவதில்லை. அதனை நாம் முயன்று பரப்புதல் வேண்டும். பெரியோர் வாழ்வின் நிறையை மட்டுமன்றிக் குறையையும் படித்தறிவதே கல்வி.

மற்றொரு பாடம் எம் வாவிக்கரைக்கே உரியது. வெளிநாட்டு இனக் குட்டியைப் பெருவிலை கொடுத்து வாங்குவது இன்று பெருமையாகக் கருதப்படுகிறது. அடர்ந்த மயிருடைய குளிர்நாட்டு நாய், இங்குள்ள வெப்பத்தாலும் உண்ணியாலும் தோல்நோயாலும் வருந்துகிறது. ஆசை தீர்ந்ததும் அது தெருவில் விடப்படுவதையும் காண்கிறோம். அதேவேளை, படுவான்கரையின் மாட்டுப்பட்டியையும் சேனைப் பயிரையும் இராமுழுதும் காக்கும் எம் ஊர்நாய்க்கு ஒரு பெயர்தானும் இடுவார் இலர். பன்றி வந்தாலும் யானை வந்தாலும் முதலிற் குரல் கொடுப்பது அதுவே. றசல் போற்றிய காட்டு ரோஜா எம் முற்றத்திலேயே படுத்திருக்கிறது, நாம்தான் கண்டிலோம்.

ஆதலின் மாணவ நண்பர்களே, நாய் வளர்க்க விரும்பின் ஊர்க்குட்டியொன்றை எடுத்து வளர்மின். ஆண்டுதோறும் விசர்நாய் நோய்க்குத் தடுப்பூசி இடுவிப்பீராக. வேண்டாத குட்டிகளைச் சந்தையோரத்தில் விட்டுவரும் கொடுமையைத் தவிர்ப்பீராக. அவை பிறவாதிருக்கக் கால்நடை வைத்தியர் செய்யும் சத்திரசிகிச்சை உண்டு. பழைய மாணவராகிய நாமும் எம் மனைகளில் இவற்றைச் செய்து காட்டுவோம். கல்லூரி வாயிலில் எம்மை நாள்தோறும் வரவேற்ற அந்தப் பெயரறியா நாய்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் இதுவேயாம்.