மைதானத்தைத் தேர்ந்த ஆசான்

நன்னூற் சூத்திரங்களை மாணாக்கர்க்கு உரைத்தே ஐம்பது பிராயம் கடந்தவன் நான். பந்தைக் கையாற் றொட்ட நாள்கள் மிகச் சில. ஆயினும் அமெரிக்க நாட்டு விளையாட்டாசிரியர் அமோஸ் அலொன்சோ ஸ்டாக்கின் வரலாறு, ஓய்வு வயதை எண்ணத் தொடங்கிய என்னைப் பன்முறை தடுத்து நிறுத்தியிருக்கிறது.

நியூ ஜேர்சியின் வெஸ்ற் ஓரேஞ்சில், 1862ஆம் ஆண்டு, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சமயகுருவாக வேண்டுமென்னும் வேட்கையுடன் 1884இல் யேல் பல்கலைக்கழகம் புகுந்தார். குளிர்காயக் கணப்பில்லாச் சிற்றறையில் அரைவயிற்றோடு கற்றவர் அவர். அத்தகையவர் பேஸ்போலிற் பந்தெறிபவராகப் புகழ் பெற்றார். உதைபந்தாட்டத்திலும் 1889இல் முதன்முதலாகத் தெரிவு செய்யப்பெற்ற அகில அமெரிக்க அணியில் இடம்பெற்றார். (இது நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று, பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவதுமான ஆட்டம்.) தொழின்முறை அணிகள் பணங்காட்டி அழைத்தன. மைதானங்களை ஒட்டி மதுச்சாலைகள் நடைபெற்ற அவ்வுலகு அவருக்கு உவக்கவில்லை, மறுத்துவிட்டார். வறியவன் ஒருவன் பொருளை மறுப்பது எளிதன்று என்பதை அறிந்தோர் அறிவர்.

ஆனால் விதி வேறோரிடத்திற் குறுக்கிட்டது. மேடையேறிப் பேச அவருக்கு நா எழவில்லை. பிரசங்கம் வாராத குரு எங்ஙனம் குருவாவது? இறையியற் கல்வியை விடுத்து ஸ்பிறிங்பீல்டிலிருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே அவருடைய உதைபந்து அணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரே கூடைப்பந்தை ஆக்கியவர். 1892 மார்ச்சில் அவ்வாட்டம் முதன்முறை பொதுமக்கள் முன் ஆடப்பெற்றபோது மாணவர் ஐந்துக்கு ஒன்றென ஆசிரியரை வென்றனர். அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டாக்.

அவ்வாண்டே சிக்காகோப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஆள் போதாமையால் முதற்பருவத்திற் பயிற்றுநரே மாணவரோடு சேர்ந்து ஆடினார். 41 பருவங்கள் அங்கே கழிந்தன. 56 ஆட்டங்களில் தோல்வியறியாதிருந்த மிச்சிகன் அணியை 1905இல் இரண்டுக்குச் சுழியமென வீழ்த்தியது அக்காலத்துப் பெருவெற்றி. மனைவி ஸ்டெல்லா ஆட்டங்களை உற்றுநோக்கிக் குறிப்பெழுதி உதவுவார்.

1932இல் அவருக்கு வயது எழுபது. விதிப்படி பயிற்றுநர் பதவியினின்று நீங்குமாறு பல்கலைக்கழகம் பணித்தது. வேறு பதவியும் தர முன்வந்தது. மைதானமில்லாத பதவி அவருக்கு எதற்கு? கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரனிலிருந்த சிறிய பசிபிக் கல்லூரிக்குப் புறப்பட்டார். பிறர் பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் அமரும் வயதில் புதிய மாணவரை வரிசையில் நிறுத்தி முதற்பாடம் தொடங்கினார். 1943இல், 81ஆவது வயதில், ஆண்டின் சிறந்த பயிற்றுநர் என்ற விருது அவரைத் தேடிவந்தது.

சிக்காகோவோ 1939இல் உதைபந்தாட்டத்தையே கைவிட்டது. அவர் பெயர் தாங்கிய மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கடியில், 1942 டிசெம்பர் 2ஆந் திகதி, பெர்மி குழுவினர் முதல் அணுத்தொடர்வினையை நிகழ்த்தினர். பிள்ளைகள் ஓடிய இடத்தில் அணு பிளந்த கதையை எண்ணும்தோறும் என் மனம் கலங்கும்.

பசிபிக்கை விட்டபின் பென்சில்வேனியாவில் மகனுடைய அணிக்குத் துணைநின்றார். பின்னர் ஸ்ரொக்ரனுக்கே மீண்டு அங்குள்ள இளநிலைக் கல்லூரியிற் பந்துதைக்கப் பழக்கினார். 1960இல் அப்பணியை விட்டபோது வயது தொண்ணூற்றெட்டு. 1965 மார்ச்சில், 102ஆம் வயதில், அந்நகரிலேயே காலமானார்.