யார் இந்த லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்? 650 டேப்களில் தன் வாழ்க்கையைச் சேர்த்து வைத்த ஜாஸ் மேதையின் கதை

கையில் ட்ரம்பெட், நெற்றி வியர்வை துடைக்க வெள்ளைக் கைக்குட்டை, முகம் நிறைய சிரிப்பு. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது இதுதான். ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட அவருடைய கரகரப்பான குரலை ஏதாவது ஒரு படத்திலோ ரீல்ஸிலோ கேட்டிருப்பார்கள்.

ஆனால், மேடையை விட்டு இறங்கிய பிறகு அவர் செய்த இன்னொரு வேலை பலருக்கும் தெரியாது. இசைத்தட்டுகளைச் சேர்ப்பார். அதை டேப்பில் ஏற்றுவார். டேப்புக்கு நம்பர் போடுவார். எந்தச் சுருளில் எந்தப் பாட்டு இருக்கிறது என்று தன் கையாலேயே பட்டியல் எழுதி வைப்பார். சுமார் 20 ஆண்டுகள் இதை விடாமல் செய்தார். 1971-ல் அவர் இறந்தபோது வீட்டில் 650-க்கும் மேற்பட்ட டேப் சுருள்கள் இருந்தன.

பார்க்க ஒரு ரசிகரின் பொழுதுபோக்கு மாதிரிதான் இருக்கும். ஆனால், அவர் மேல் விழுந்த ஒரு பெரிய பழிக்குப் பதில் சொன்னது இந்த டேப்கள்தான். அது எப்படி?

பிறந்த தேதியே தெரியாத பையன்

ஆம்ஸ்ட்ராங் பிறந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த மிக ஏழ்மையான பகுதியில். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா மேயன் கஷ்டப்பட்டு வளர்த்தார். தான் பிறந்தது 1900 ஜூலை 4 என்றுதான் ஆம்ஸ்ட்ராங் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தது. அதன்படி உண்மையான தேதி 1901 ஆகஸ்ட் 4.

சின்ன வயதிலேயே வேலைக்குப் போனார். கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பம் பழைய சாமான் வாங்குவது, நிலக்கரி விற்பது என்று வண்டியில் தொழில் செய்துவந்தது. அவர்களோடு போய் உதவி செய்வார். தன் முதல் கார்னெட் வாங்க அந்தக் குடும்பம் பணம் கொடுத்து உதவியதை அவர் மறக்கவே இல்லை. கார்னெட் என்பது ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரியான ஒரு ஊதுகருவி.

1912-ம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டார். போலீஸ் பிடித்தது. சுமார் ஒன்றரை ஆண்டு சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் இருந்தார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர்தான் அவருக்கு முறையாக இசைப் பயிற்சி கொடுத்து, இல்லத்தின் பேண்ட் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

சரி, ஜாஸ் என்றால் என்ன?

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின இசைக்கலைஞர்கள் உருவாக்கிய இசை இது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதை அந்த நிமிஷத்துக் கற்பனையில் விரித்து வாசிப்பதுதான் இதன் உயிர். நம்ம கச்சேரியில் வித்வான் மனோதர்மத்தோடு நிரவல் பாடுவதையும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விளையாடுவதையும் யோசித்துப் பாருங்கள். ஓரளவு பிடிபடும்.

இது தமிழ்நாட்டுக்கு முழுக்க அந்நியமும் இல்லை. பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு 1958-ல் சென்னை வந்தபோது, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து இசை பகிர்ந்துகொண்டது. 1963-ல் டியூக் எலிங்டனின் குழுவும் சென்னை வந்து போனது.

இந்த இசையில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நிமிஷத்தில் பிறப்பது, பதிவு செய்யாவிட்டால் அந்த நிமிஷத்தோடு போய்விடும். நியூ ஆர்லியன்ஸில் ஜாஸுக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் பட்டி போல்டன் வாசித்த ஒரு பதிவுகூட இன்று யார் கையிலும் இல்லை. 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டை வாசித்ததோ ஒரு வெள்ளையர் குழு. கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை, முதன்முதலில் வெள்ளையர் பெயரில்தான் கடைக்கு வந்தது.

அதாவது, யார் பதிவில் இருக்கிறார்களோ அவர்கள்தான் வரலாற்றில் இருப்பார்கள்.

ஆம்ஸ்ட்ராங் வளர்ந்தது இந்தக் காலத்தில். இளைஞனாக இருந்தபோதே கையால் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று வாங்கினார். அதே வெள்ளையர் குழுவின் தட்டுகளையும் கேட்டார். இத்தாலிய ஆபரா பாடகர் காருசோவின் தட்டுகளையும் வாங்கிக் கேட்டார். நல்ல இசை எங்கிருந்து வந்தாலும் காது கொடுக்கும் பழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

உச்சிக்குப் போன பயணம்

1922-ல் குரு ஸ்தானத்தில் இருந்த கிங் ஆலிவர், ஆம்ஸ்ட்ராங்கை சிகாகோவுக்கு அழைத்தார். அடுத்த ஆண்டே முதல் இசைத்தட்டு. அப்போது மைக் கிடையாது. பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் சத்தம் மற்றவர்களை அமுக்கியதால் அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று சொல்வதுண்டு.

1925 முதல் 1928 வரை தன் சொந்தக் குழுக்களோடு அவர் பதிவு செய்த தட்டுகள் ஜாஸையே திருப்பிப் போட்டன. அதுவரை குழுவாகச் சேர்ந்து வாசிப்பதுதான் முக்கியம். தனி ஒருவரின் கற்பனையை நடுவில் கொண்டுவந்து வைத்தவர் இவர். வார்த்தையே இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடும் முறையைப் பிரபலமாக்கியதும் இவர்தான்.

1964-ல், 62 வயதில், பீட்டில்ஸ் குழுவை முதலிடத்திலிருந்து இறக்கி அமெரிக்கப் பட்டியலில் நம்பர் 1 ஆனார்.

கூடவே பயணம் செய்த டேப் ரெக்கார்டர்

1943-ல் மனைவி லூசில், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள கரோனாவில் ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். கையில் பணம் வந்த பிறகும் பணக்காரர்கள் பகுதிக்கு அவர்கள் மாறவில்லை. உழைக்கும் மக்கள் வாழும் அந்தத் தெருவிலேயே கடைசி வரை இருந்தார்கள்.

1950-ம் ஆண்டின் இறுதியில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார் ஆம்ஸ்ட்ராங். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் ஊர் ஊராகக் கச்சேரி. போகும் இடமெல்லாம் பெட்டியில் டேப் ரெக்கார்டரும் கூடவே போகும். ஹோட்டல் அறையில் நண்பர்களோடு அரட்டை, ஒப்பனை அறையில் சக கலைஞர்களோடு பழைய நியூ ஆர்லியன்ஸ் கதைகள், எந்தத் தட்டில் யார் வாசித்தது என்ற பேச்சு என எல்லாமே டேப்பில் ஏறியது. தன் தட்டுகளை மட்டுமில்லாமல் மற்றவர்களின் தட்டுகளையும் பதிந்து வைத்தார்.

நம்ம ஊர்ப்பக்கம், வையம்பட்டி, மணப்பாறை மாதிரி இடங்களில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். கேட்ட பாட்டைக் கேட்டவுடனே எடுக்கணும் என்றால் தட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கணும். உலகம் சுற்றிய ஆம்ஸ்ட்ராங் செய்ததும் அதே வேலைதான்.

டேப் பெட்டிகளை அவர் அலங்கரித்த விதம் தனிக் கதை. புகைப்படங்கள், பத்திரிகைத் துண்டுகள், தந்திகள், வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றையும் கத்தரித்து பெட்டி மேல் ஒட்டுவார். முதலில் வீட்டுச் சுவரில்தான் ஒட்ட ஆரம்பித்தார். அது லூசிலுக்குப் பிடிக்கவில்லை. ஒட்டும் வேலை பெட்டிக்கு மாறியது. இப்படிப் பல நூறு பெட்டிகள் இருக்கின்றன.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த கோபம்

1950-களில் ஆம்ஸ்ட்ராங் மேல் கடும் விமர்சனம் வந்தது. வெள்ளைக்கார ரசிகர்களைக் குஷிப்படுத்தவே பல்லைக் காட்டுகிறார், தன் இன மக்களுக்காக வாய் திறக்க மாட்டேன் என்கிறார் என்று இளம் கறுப்பினக் கலைஞர்களே சொன்னார்கள். ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அதில் ஒருவர்.

ஆனால் 1957 செப்டம்பரில், ஆர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தபோது, ஆம்ஸ்ட்ராங் ஒரு இளம் நிருபரிடம் அதிபர் ஐசனோவரையே காட்டமாக விமர்சித்தார். அரசு சார்பில் சோவியத் யூனியன் போகும் பயணத்தையும் வேண்டாம் என்றார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று லூயிசியானா மாநிலம் சட்டம் போட்டதால், சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் சுமார் 9 ஆண்டுகள் வாசிக்காமலே இருந்தார். 1965-ல்தான் திரும்பிப் போனார்.

டேப்களில் இருப்பது இந்த ஆம்ஸ்ட்ராங்தான். பயணங்களில் நிறத்தின் பெயரால் பட்ட அவமானங்களை நண்பர்களிடம் கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கோபமாகச் சொல்கிறார். நக்கல் அடிக்கிறார். மேடைச் சிரிப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வேறு ஒரு மனிதர். கில்லெஸ்பியும் பின்னாளில் தன் சுயசரிதையில் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்தச் சிரிப்பை, நிறவெறியிடம் தோற்க மறுத்த ஒருவரின் சிரிப்பாகப் புரிந்துகொண்டார்.

கடைசி நாட்களிலும் அதே வேலை

1968-க்குப் பிறகு உடல்நிலை மோசமானது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைச்சல். டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே கார்னோஃப்ஸ்கி குடும்பத்தைப் பற்றிய நினைவுகளை எழுதினார். வீட்டுக்கு வந்ததும் டேப் அறையில் உட்கார்ந்து, சேகரிப்புக்குப் புதிதாக நம்பர் போட்டு, புதிய பட்டியல் தயாரிக்க ஆரம்பித்தார். கேட்க யாரும் வருவார்களா என்று தெரியாத வயதில், யாராவது தேடி வந்தால் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது போல அவ்வளவு ஒழுங்காகச் செய்தார்.

1971 ஜூலை 6-ம் தேதி, அதே வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

இப்போது அந்த டேப்கள் எங்கே?

லூசில் எதையும் தூக்கிப் போடவில்லை. 1983-ல் அவர் இறந்த பிறகு, வீடும் பொருட்களும் பொதுச் சொத்தாகின. குயின்ஸ் கல்லூரியில் ஆவணக் காப்பகம் அமைந்தது. 2003-ல் அந்த வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சேகரிப்பு டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றப்பட்டு, பெரும்பகுதியை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம்.

1977-ல் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களில் உள்ள தங்கத் தட்டிலும் ஆம்ஸ்ட்ராங்கின் ஒரு பதிவு இருக்கிறது. அதே தட்டில் நம்ம நாட்டு இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டும் இருக்கிறது. அந்தத் தட்டில் எது இடம்பெற வேண்டும் என்பதை விஞ்ஞானி கார்ல் சேகன் தலைமையிலான குழு முடிவு செய்தது.

கரோனா வீட்டில் இருந்த 650 சுருள்களில் எது இருக்க வேண்டும் என்பதை ஆம்ஸ்ட்ராங்கே முடிவு செய்தார். பிறந்த தேதியைக்கூட அடுத்தவர் பதிவேட்டில் தேட வேண்டியிருந்த ஒருவர், தன் மீதிக் கதையைத் தானே பதிந்து, நம்பர் போட்டு, அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு அவரைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் முதலில் தேடிப் போவது அந்த அலமாரியைத்தான்.